அம்மாவின் கசெற்றுக்கு ஒரு டாக் பெட்டி

1

அம்மாவின் ஆண்டுப் பூசை இலங்கையில், எங்கள் ஊரான வங்காலையில் நடந்துகொண்டிருந்தபோது நான் இங்கே ஜெர்மனியில், ரொட்டி சுடுகிற பாண் தொழிற்சாலையில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். லீவு கேட்டிருக்கலாம். எதற்கு என்று கேட்பார்கள். அம்மா செத்து எத்தனை வருடம் என்று கேட்பார்கள். பிறகு மேற்பார்வை செய்கிற பெண் தலையைச் சாய்த்துக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு முகம் கொடுக்கும் தெம்பு இப்போது எனக்கு இல்லை. அதைவிடத் தட்டு அடுக்குவது சுகம்.

பூசைக்கு ஆட்கள் வருவார்கள் என்று வீட்டை ஒதுக்கியபோது, அலுமாரிக்கு அடியிலிருந்து அக்கா ஒரு பழைய ஒலிநாடாக் கசெற்றைக் கண்டெடுத்தார். பிலோமி அக்கா எனக்கு ஒரே சகோதரம். அவருடைய மகள் றொசானி மன்னார்க் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், வேலை செய்கிறாள். அவள் அதை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கடைக்குக் கொண்டுபோய், கணினியில் ஏற்றுவித்து எனக்கு அனுப்பிவைத்தாள். கடை வாசலை மறித்து இரண்டு கழுதைகள் படுத்திருந்ததாகவும், கடைக்காரர் உட்பட யாருக்கும் அவற்றை எழுப்ப மனம் வரவில்லை என்றும் எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு வரி.

“மாமா, முதல் பன்னிரண்டு நிமிசம் உங்கட குரல். அதுக்குப் பிறகு அம்மம்மா கதைக்கிறா.”

அந்த வரியை நான் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் நின்று வாசித்தேன். அம்மாவின் குரல் உலகத்தில் எங்குமே இல்லை என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லாமற் செய்தவனே நான்தான்.

2

இதை இப்போதைய பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லவேண்டும். சண்டை நடந்த அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற் போய்வரும். கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். அங்கேயிருந்து வெளிநாடு போகிற இன்னொருவரின் பைக்குள் அது ஏறும். இரண்டு மாதமோ மூன்று மாதமோ கழித்து என் அறைக்கு வந்து சேரும். ஊரில் புதுக் கசெற் கிடைப்பது கடினம். அதனால் வந்த கசெற்றைக் கேட்டு முடித்ததும், அதே கசெற்றில், முதலில் இருந்து, என் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவேன். ஊரிலும் அப்படித்தான். நான் பேசியதைக் கேட்டுவிட்டு அதன் மேலேயே அம்மா பேசுவார். ஒரே நாடா, போய்ப் போய் வரும். ஒவ்வொரு பதிலும் முந்தியதை அழித்துவிடும். யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அடுத்த கசெற் வரும்தானே.

கடைசியாக வந்த அம்மாவின் பேச்சுக்கு மேல் நான் பேசியது பன்னிரண்டு நிமிடம். தொடர்ந்து இரண்டு ஷிப்ட் வேலை செய்துவிட்டு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் இருந்து பேசினேன். நல்லாய் இருக்கிறேன், சாப்பாடு நல்லம், குளிர் பழகிவிட்டது. மூன்றும் பொய். அது வங்காலைக்குப் போய்ச் சேர்ந்து, அதற்குப் பதில் பேச முன்னமே அம்மா செத்துப்போனார். ஆனால் அம்மா பேசியது பன்னிரண்டு நிமிடத்தைவிட நீளம். நான் நிறுத்திய இடத்துக்குப் பிறகு அவருடைய குரல் அழியாமல் அப்படியே கிடந்திருக்கிறது. நான் சோம்பேறியாக இருந்ததால் தப்பிய குரல்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இங்கே வந்த புதிதில் அகதி முகாமில் என்னோடு அறையில் இருந்தவர்களுக்கும் கசெற் வரும். எல்லோருடைய தாய்மாரும் “எப்ப ராசா வாறாய்” என்று அழுவார்கள். அவர்களும் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுவார்கள். என் அம்மா ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்லை. கோயில் கொடியேற்றம், யாருக்குக் கலியாணம், எந்தப் படகு திரும்பிவரவில்லை, இவ்வளவும் சொல்வார். வா என்ற ஒரு சொல் வராது. அப்பா செத்தபோது வந்த கசெற்றிலும் வரவில்லை. “உன்ர கொம்மா உன்னைத் தலைமுழுகிட்டா போல கிடக்கு” என்று ஒருவன் பகிடி விட்டான். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தப் பகிடி இத்தனை வருடமாகியும் எனக்குள் இருந்து வெளிக்கிடவில்லை.

3

றொசானி அனுப்பியதை அந்தச் சனிக்கிழமை மத்தியானம் போட்டுக் கேட்டேன். முதலில் என்னுடைய இளவயதுக் குரல். அதைக் கேட்க வெட்கமாக இருந்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் ‘கிளிக்’ என்றொரு சத்தம். உடனே ஒரு வசனத்தின் நடுவில் இருந்து அம்மா வந்தார்.

“...அதால நீ ஒண்டுக்கும் யோசியாதை. சவேரியார் கோயில் றோட்டெல்லாம் திருத்திப்போட்டாங்கள்...”

நான் எழும்பி நின்றுவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. ஒன்பது நிமிடம் நின்றபடியே கேட்டேன். கடைசியில், “மாதா உன்னைக் காப்பாத்துவா. சரி, நிப்பாட்டு பிள்ளை” என்று அக்காவிடம் சொல்வது கேட்டது. அந்தக் காலத்தில் நான் இந்த இடத்தில் கசெற்றை நிறுத்திவிடுவேன். மாதா வந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ஆனால் பதிவு அங்கே நிற்கவில்லை. இன்னும் இரண்டு நிமிடத்துக்குக் கிட்ட ஓடியது. கருவியை விட்டுத் தள்ளிப்போய் இரண்டு பேர் மெல்லிய குரலில், கீச்சுக் கீச்சென்று ஏதோ பேசுகிறார்கள். அதுவரை அம்மாவின் குரலுக்குப் பின்னால் மறைந்திருந்த ஓர் இரைச்சல், ஊஊம் என்று, இப்போது அவர்களுக்கு மேலால், கூடியும் குறைந்தும். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. இரண்டு இடத்தில் மட்டும் “தாசன்” என்றது தெளிவாகக் கேட்டது. தாசன் நான்தான்.

பேச்சு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு அம்மாவும் அக்காவும் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். முகத்துக்கு நேரே சொல்லாததை அப்போதுதானே சொல்வார்கள். அம்மா என்னைத் தலைமுழுகியது உண்மையா என்பது அந்த இரண்டு நிமிடத்துக்குள் இருக்கும். அக்காவை அழைத்துக் கேட்டேன். “எத்தினை வருசத்துக் கதை! எனக்கு நேற்றுச் சாப்பிட்டதே ஞாபகமில்லை” என்று சொல்லிவிட்டார்.

4

என்னிடம் இருக்கும் அம்பிளிபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் இங்கே வந்த புதிதில் பழைய சாமான் சந்தையில் வாங்கியவை. மடிக்கணினியின் ஹெட்போன் துளையில் இருந்து ஒரு வயரை இழுத்து அதில் செருகியிருந்தேன். இரைச்சல் அதனால்தான் வருகிறது என்று முடிவு கட்டினேன். நகரத்தில் இசைக் கருவிகள் விற்கும் கடைக்குப் போனேன்.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். நீளமான நரைத் தலைமுடியைப் பின்னால் கட்டியிருந்தார். பொறுமையான மனிதர். கணினிக்குள் இருக்கிற குரல் குரலே அல்ல, வெறும் இலக்கங்கள் என்றார். அந்த இலக்கங்களை அம்பிளிபயருக்கு விளங்குகிற மின்சாரமாக மாற்றுவதற்கு ஒரு பெட்டி வேண்டும். அதன் பெயர் டாக். கணினிக்குள்ளும் ஒன்று இருக்கிறதுதான், ஆனால் அது மலிவானது; பக்கத்தில் ஓடுகிற விசிறியின் சத்தமெல்லாம் அதற்குள் வந்து விழும். வெளியே தனியாக ஒன்றை வைத்தால் தாழ்ந்த ஒலிகள் தெளியும்.

“என்ன இசை கேட்பீர்கள்?” என்று கேட்டார்.

“இசை இல்லை. என் அம்மா” என்றேன். என்னுடைய ஜெர்மன் களைப்பில் குறுகிப்போகும். அவர் இரண்டாம் கேள்வி கேட்கவில்லை.

மூன்று பெட்டிகளைக் காட்டினார். ஒன்று சுண்டுவிரல் அளவு, கணினியில் நேரே செருகுவது. ஒன்று சவர்க்காரக் கட்டி அளவு, கண்ணாடி நூல் வழியாக வெளிச்சத்தால் ஒலியை வாங்குவது. வயர் இல்லாததால் கணினியின் மின் இரைச்சல் அதற்குள் ஏறாதாம். மூன்றாவது பெரியது, உள்ளே கண்ணாடிக் குமிழ் எரியும், குரலைச் சூடாக்கும் என்றார். அம்மாவின் குரலுக்குச் சூடு தேவையில்லை. நடுவில் இருந்ததை எடுத்தேன்.

வீட்டில் பூட்டிப் பார்த்தேன். என் குரல் தெளிந்தது, பொய்கள் உட்பட. அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்து பேசுவதுபோல இருந்தது. ஆனால் கடைசி இரண்டு நிமிடத்தில் அந்த இரைச்சல் முந்தியதைவிடப் பெரிதாக, வடிவாகக் கேட்டது. அடுத்த கிழமை பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் என் முன்னாலேயே அதைப் போட்டுக் கேட்டார். “இரைச்சல் பெட்டியில் இல்லை, பதிவில் இருக்கிறது” என்றார். நான் நம்பவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டு அரசாங்கக் கந்தோர்களில் “பிழை எங்களில் இல்லை” என்று கேட்டுக் கேட்டு வந்தவன் நான்.

“எத்தனை பெட்டி வாங்கினாலும் அது முப்பது வருடத்துப் பழைய கசெற்றப்பா” என்றாள் என் மகள் ஸ்ரெபனி. தொலைபேசியில், ஜெர்மனில் சொன்னாள். கொலோனில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். அவளுக்குத் தமிழ் விளங்கும்; ஆனால் வாயைத் திறந்தால் நாங்கள் சிரிப்போம் என்று சின்ன வயதில் பயந்தவள். உண்மையில் சிரித்தோம்தான். அதற்குப் பிறகு அவள் தமிழ் பேசவில்லை.

5

அடுத்த பெட்டியை இணையத்தில் ஆசியாவில் இருந்து தருவித்தேன். தனி மின்வழங்கி, தனிப் பூமிக் கம்பி, ஓர் இரைச்சலும் கிட்ட வராது என்று எழுதியிருந்தது. பெட்டி வரவில்லை. சுங்கத்தில் இருந்து கடிதம் வந்தது: பொதி தடுத்துவைக்கப்பட்டுள்ளது, பற்றுச்சீட்டுடன் நேரில் வரவும்.

சுங்கக் கந்தோரில் இலக்கம் எடுத்துவிட்டு ஒன்றரை மணித்தியாலம் இருந்தேன். பிறகு “திரு சந்தியோகு!” என்று கூப்பிட்டார்கள். சந்தியோகு என் அப்பா. நான் மரியதாசன். வந்த முதல் நாள் பதிவில் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். திருத்துவதற்கு ஊரில் இருந்து எடுக்கவேண்டிய பத்திரங்களை நினைத்து விட்டுவிட்டேன். இப்போது வங்கியில், வைத்தியசாலையில், வேலையில், எங்கேயும் அப்பாதான். அவர் உயிரோடு இருந்த காலத்தில் இவ்வளவு கந்தோர்கள் ஏறியிறங்கியிருக்கமாட்டார்.

அதிகாரி ஒரு சிறு கத்தியைத் தந்து பொதியை நானே வெட்டித் திறக்கவேண்டும் என்றார். திறந்தேன்.

“இது என்ன? எதற்கு?”

“இலக்கங்களைக் குரலாக்கும். இதற்குள் என் அம்மா பேசுவார்” என்றேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வார்த்தைகளைக் கோத்த விதம் சரியில்லை என்று எனக்கே விளங்கியது. திருத்தப் போனால் இன்னும் பிழைக்கும். அவர் அடியில் ஏதோ முத்திரையைத் தேடிப் பார்த்துவிட்டு, பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம்” என்றார். கேலியா மரியாதையா என்று தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பூட்டினேன். ஊஊம். கூடியது, குறைந்தது. அட்டைப் பெட்டிகள் பெருகுவதைப் பார்த்து மனைவி கதவைச் சாத்திக்கொண்டு போனாள். எனக்கு அப்போது அழுகை வந்தது. இரைச்சலுக்காக இல்லை. இந்த வயதில், நின்று வேலை செய்தே வீங்கிப்போன இந்தக் காலோடு, ஒரு சொல்லுக்காக இப்படி அலைகிறேனே என்று.

அக்காவை அழைத்தேன்.

“அக்கா, அந்தக் கசெற்றில ஒரு இரைச்சல். பெட்டியை மாத்தி மாத்திப் பார்த்திட்டன், போகுதில்லை.”

“எப்பிடியான இரைச்சலடா?”

நான் வாயாலேயே செய்து காட்டினேன். அக்கா இன்னொருக்காச் செய்யச் சொன்னார். பிறகு சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலாகி, தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

“எடேய் விசரா, அது நானடா!”

“என்ன?”

“சைக்கிள்! கரண்டும் இல்லை, ஆமிக்காரர் பற்றரியும் வரவிடமாட்டாங்கள். பேந்து றெக்கோடர் என்னத்தில வேலை செய்ததெண்டு நினைச்சாய்? அப்பான்ர சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவில வயர் குடுத்து, கையால பெடலைச் சுத்தினனான். அம்மா அங்க கதிரையில ராணி மாதிரி இருந்து கதைப்பா. நான் இங்க கை மாத்திக் கை மாத்திச் சுத்துவன். சுத்து குறைஞ்சால் றெக்கோடர் இழுக்கும்.”

“எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.”

“சொல்லி? நீ அங்கயிருந்து பற்றரி அனுப்பப்போறியே?”

ஒவ்வொரு கசெற்றுக்கும் அரை மணித்தியாலம் அக்கா சக்கரம் சுற்றியிருக்கிறார். நான் அதற்குப் பன்னிரண்டு நிமிடம் பதில் பேசியிருக்கிறேன்.

“அக்கா, அம்மா நிப்பாட்டச் சொன்ன பிறகும் நீங்கள் ஏன் சுத்தினனீங்கள்?”

“சுத்தினனானே?” என்றார். “தெரியேல்லையடா. றெக்கோடரின்ர பட்டன் இறுகிப்போய் அமத்த ஏலாது, சுத்திறதை விட்டாத்தான் அது நிக்கும். ஏன் விடேல்லையெண்டு தெரியேல்லை.”

6

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரெபனி வந்தாள். மாதத்தில் ஒரு தடவை வருவாள், தேநீர் குடிப்பாள், நேரத்தைப் பார்ப்பாள். நான் சைக்கிள் கதையைச் சொன்னேன். அவள் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினாள்.

“சுற்றுவது குறைந்தால் நாடா மெல்ல ஓடியிருக்கும். மெல்லப் பதிந்ததை நாங்கள் சரியான வேகத்தில் போட்டால் குரல் கீச்சென்று ஓடும். அதனால்தான் விளங்கவில்லை. அந்த இடத்தை மட்டும் மெதுவாக்கவேண்டும்.”

கணினியில் எதையோ இறக்கினாள். எனக்கு மூன்று கிழமையும் இரண்டு பெட்டியும் ஒரு சுங்கமும் எடுத்தது. அவளுக்குப் பத்து நிமிடம். இரைச்சல் ஆழமாகிப்போனது. குரல்கள் தடித்தன. ஆனாலும் எனக்குப் பிடிபடவில்லை. பாண் தொழிற்சாலையின் இயந்திரங்கள் என் காதுகளில் அவ்வளவுதான் மிச்சம் விட்டிருக்கின்றன. அவள் புதுப் பெட்டியின் முன்பக்கத்தில் ஹெட்போனைச் செருகிப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடினாள். கேட்கிறபடியே எனக்குச் சொல்லத் தொடங்கினாள். தமிழில். வேறு வழியில்லை, அந்தச் சொற்கள் தமிழில்தான் இருந்தன.

“அப்பம்மா சொல்றா: ‘நிப்பாட்டு பிள்ளை. கை நோகும்.’ மாமி சொல்றா: ‘நிப்பாட்டமாட்டன். தாசனை ஒருக்கா வரச் சொல்லுங்கோ. சொன்னாத்தான் நிப்பாட்டுவன்.’”

அவள் கொஞ்சம் பின்னுக்குப் போய்த் திரும்பக் கேட்டாள்.

“மாமி அழுறா போல. ‘அப்பாவின்ர செத்தவீட்டுக்கும் நீங்கள் கூப்பிடேல்லை. எல்லாற்ற தாய்மாரும் கூப்பிடினம். உங்களுக்கு அவனில விருப்பமில்லையே?’”

அந்தக் கேள்வியை எனக்குப் பதிலாக அக்கா கேட்டிருக்கிறார். அதுவும் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு.

“அப்பம்மா: ‘சொல்லமாட்டன் பிலோமி.’ மாமி: ‘ஏன்?’” ஸ்ரெபனி கையை உயர்த்தி என்னைப் பொறுக்கச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக வைத்தாள், பிழைக்காமல்.

“‘சொன்னா வந்திடுவான். தாசன் அப்பிடியான பிள்ளை. நான் வா எண்டா ஒண்டையும் பாராமல் வெளிக்கிட்டிடுவான். சந்தியில வைச்சே ஆமிக்காரர் பிடிச்சுப்போடுவாங்கள். அவன் அங்க உசிரோட இருக்கட்டும். நான் கூப்பிடமாட்டன்.’ பிறகு சத்தம் ஒண்டும் இல்லை. முடிஞ்சுது.”

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது. தமிழில் இருந்து ஜெர்மனுக்குத் திரும்ப மறந்துபோய், அப்படியே கேட்டாள்.

“அப்பா, கூப்பிட்டிருந்தா நீங்கள் போயிருப்பீங்களா?”

இத்தனை வருடமாக என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. அம்மா கூப்பிடவில்லை, அதனால் போகவில்லை. முகாமில் இருந்தவர்களுக்கு அதைத்தான் சொன்னேன். மனைவிக்குச் சொன்னேன். இந்தப் பிள்ளைக்கும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது குரலில் கொஞ்சம் கோபத்தையும் சேர்த்துக்கொள்வேன். ஆனால் அந்த நாட்களில் எனக்கு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். பயம் இருந்தது. இங்கே இருக்கக் கிடைத்த வதிவிடப் பத்திரம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம், சந்தியில் நிற்கிறவர்களை நினைத்துப் பயம். அம்மா கூப்பிடவில்லை என்பது எவ்வளவு வசதியாக இருந்தது என்றும் தெரியும்.

“இல்லை பிள்ளை” என்றேன். “போயிருக்கமாட்டன்.”

அம்மா சாகும்வரைக்கும் என்னை அப்படியான பிள்ளை என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரே ஒரு தடவை வா என்று சொல்லியிருந்தால், நான் எப்படியானவன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.